வீடியோ கம்பெனிக்கு இன்டர்னாகப் போகிறீர்களா? முதலில் கார்டைப் பிடியுங்கள்

சாலிகிராமத்தில் ஒரு சின்ன வீடியோ கம்பெனியில் எடிட்டராக இருக்கிறேன். நகைக்கடை விளம்பரம், காலேஜ் அறிமுகப் படம், டாக்டர் பேட்டி என்று எது வந்தாலும் எடுப்போம். விஸ்காம் படிக்கும் பிள்ளைகள் இன்டர்னாக வருவார்கள். எல்லோருக்கும் முதல் நாளே கேமராவைத் தொட ஆசை. நான் கொடுப்பது கேமராவின் மெமரி கார்டைப் படிக்கும் கார்டு ரீடர். முகம் வாடிவிடும். என்ன செய்வது? கேமரா பழுதானால் வாடகைக்கு இன்னொன்று வந்துவிடும். ஷூட் செய்த ஃபுட்டேஜ் போனால் பேட்டி கொடுத்த டாக்டர் மறுபடி தேதி தரமாட்டார்.

கேமராவிலிருந்து எடுத்த கார்டு நேராக உங்கள் கைக்கு வர வேண்டும். வந்ததும் எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்ன லாக்கைத் தள்ளிவிடுங்கள். காலிக் கார்டுக்கு ஒரு டப்பா, ஷூட் ஆன கார்டுக்கு இன்னொரு டப்பா. பேன்ட் பாக்கெட் டப்பா ஆகாது.

காப்பி செய்யும்போது வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்காதீர்கள். சோனி கேமரா என்றால் பிரைவேட் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் எம்4ரூட், அதற்குள் கிளிப் என்று போகும். கூடவே இருக்கும் குட்டி எக்ஸ்எம்எல் ஃபைல்களைக் குப்பை என்று விட்டுவிடுகிறார்கள். கிளிப்பின் விவரமெல்லாம் அதில்தான் இருக்கிறது. கார்டில் இருப்பதை அப்படியே முழுசாக எடுங்கள்.

ஒவ்வொரு கார்டுக்கும் தனி ஃபோல்டர் போடுங்கள். பெயரில் தேதி, எந்தக் கேமரா, எத்தனையாவது கார்டு என்பது இருக்கட்டும். செட்டிங்கைப் பொறுத்து, ஃபார்மேட் செய்த கார்டில் கிளிப் எண் மறுபடி சி0001 என்றே தொடங்கலாம். இரண்டு கார்டை ஒரே இடத்தில் கொட்டினால் பழைய ஃபைலின் மேல் புதியதை எழுதவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். சாப்பாட்டு அவசரத்தில் சரி என்று அழுத்தினால் காலையில் எடுத்தது அத்தனையும் காலி.

வெறுமனே இழுத்துப் போடுவதும் வேண்டாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரின் இலவச வெர்ஷனிலேயே மீடியா பக்கத்தில் குளோன் டூல் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு டிரைவுக்கு அனுப்பும், செக்சம் வைத்து, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்ணை ஒப்பிட்டு, காப்பி சரியா என்றும் பார்க்கும். அப்புறம் முதல் கிளிப், கடைசி கிளிப், நடுவில் ஒன்றிரண்டு என்று ஹெட்போன் மாட்டி ஓட்டிப் பாருங்கள்.

நேரத்தை முன்பே கணக்குப் போடுங்கள். 4கே-வில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 45 ஜிபி. நிறைந்த 128 ஜிபி கார்டை நொடிக்கு 90 எம்பி வேகத்தில் படித்தாலும் காப்பிக்கே 24 நிமிடம் ஆகும். சரிபார்ப்பு தனி. 'கார்டு என்னாச்சு?' என்று அதற்குள் யாராவது கத்துவார்கள். 'இன்னும் முடியல சார்' என்று சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. ஃபார்மேட் செய்வது கேமராவில்தான். அதுவும் இரண்டு காப்பியும் சரி என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான். ஷூட் முடிந்து கிளம்பும்போது இரண்டு டிரைவும் வேறு வேறு ஆள் பையில் போகட்டும்.

இது பழகிவிட்டால் செட்டில் மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தே பிடிபடும். கேபிளை முழங்கையில் சுற்றாதீர்கள், உள்ளே முறுக்கேறிவிடும். ஒரு வளையம் நேராக, அடுத்தது மாற்றிப் போட்டு என்று சுற்ற வேண்டும். லைட்மேன் அண்ணனிடம் கேட்டால் காட்டித் தருவார். அவரைக் கேட்காமல் லைட்டைத் தொடவே கூடாது. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட் எரியும் ஆபீசில் நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது ஷட்டர் 1/50 நொடி வைப்பது அதனால்தான். 1/60-க்குப் போனால் படத்தில் வெளிச்சம் அலையடிக்கலாம்.

பேட்டி என்றால் ஏசி, ஃபேன், ஃப்ரிட்ஜ் மூன்றையும் அணைப்பது பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும். பேட்டி எடுக்கும் வீட்டின் ஃப்ரிட்ஜை நீங்கள் அணைத்தால் உங்கள் பைக் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். மறுபடி போடாமல் கிளம்ப முடியாது! பேட்டி முடிந்ததும் யாரையும் அசைய விடாமல் அரை நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். சவுண்ட் ஆள் மறந்தாலும் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட எடிட் டேபிளில் எனக்கு அதுதான் வேண்டும்.

டீ வாங்கச் சொல்வார்கள். வாங்குங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது. மாதம் முழுக்க டீ மட்டுமே என்றால் வேறு இடம் பாருங்கள்.

சேரும் முன்பே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். மாதம் எவ்வளவு, ஷூட் நாளில் பேட்டா உண்டா, ஷூட் முடிய ராத்திரி ஆனால் வீட்டுக்கு வண்டி யார் செலவு? வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுத்தில் வாங்குங்கள். செட் போட்டோவை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். விளம்பரம் வெளிவரும் முன் நகை டிசைன் வெளியே போனால் கிளையன்ட் சும்மா விடமாட்டார். உங்கள் ஷோரீலில் (செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் வீடியோ) போட எந்தெந்த வேலைக்கு அனுமதி என்பதைக் கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். கொடுத்த கிளிப்புகளை உங்கள் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் அதே தனி ஃபோல்டர், அதே செக்சம்.