காட்டுத்தீயில் தண்ணீர் இறைக்கும் விமானி வேலைக்குச் செல்லும் வழி

மாசி பிறந்து புல் காய்ந்துவிட்டால், ஜவ்வாது மலைச் சரிவில் இரவு நேரத்தில் சிவப்புக் கோடு ஒன்று ஊர்ந்து செல்வதை அடிவாரத்து ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள். அதைப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பவர்கள் வனத்துறை ஊழியர்கள். குடியாத்தத்து உறவுக்காரப் பையன் ஒருவன், "ஹெலிகாப்டரில் தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு எங்கே சேரணும் மாமா?" என்று கேட்டதோடு, அதற்கென்றே தனிப் படிப்பு இருப்பதாகச் சொல்லி முன்பணம் கேட்ட ஒரு தரகரின் துண்டுப் பிரசுரத்தையும் நீட்டினான். பணத்தைக் கட்ட வேண்டாம் என்றேன்.

நம் நாட்டில் இது பெரும்பாலும் படை விமானிகளுக்கு அவ்வப்போது வந்து சேரும் பணியே தவிர, தனி வேலை அன்று. பந்திப்பூரில் 2019இலும் குன்னூரில் 2024இலும் தண்ணீர் இறைத்தவை விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள். கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு 2023இல் எரிந்தபோது கடற்படை ஹெலிகாப்டர்கள் சென்றன. ஆகவே பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் முப்படை அதிகாரிப் பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வையோ, பட்டம் பெற்றபின் விமானப்படை அதிகாரிகளுக்கான ஏ.எஃப்.கேட் தேர்வையோ எழுதுவதே நேர்வழி. விமானப்படையின் கணினி வழி விமானித் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும் என்பதால், பயிற்சியின்றி அதில் உட்காரக் கூடாது. தேர்வானவர்கள் எல்லோருக்கும் ஹெலிகாப்டர் கிடைத்துவிடாது. அது பயிற்சியின்போதுதான் முடிவாகும். கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி நம் பழைய வட ஆற்காட்டு அரக்கோணத்திலேயே, ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் இருக்கிறது என்பது இங்குள்ள பலருக்குத் தெரியாது.

இந்தப் பணியின் சாரம் கயிற்றில் தொங்கும் சுமையோடு பறப்பதுதான். எம்ஐ-17இன் வாளியில் ஏறத்தாழ 3,500 லிட்டர், அதாவது மூன்றரை டன் தண்ணீர், அடியில் ஊசலாடும். ஊசல் மிகுந்தால் அது ஹெலிகாப்டரையே இழுக்கும். வேலூரின் சித்திரை வெயிலில் காற்று லேசாகி, விசிறி தரும் தூக்குவிசை குறைவதால், வாளியை முழுக்க நிரப்பவும் முடியாது. பாலாற்று மணலில் வாளியை முக்க வழியில்லை. மோர்தானா அணை போன்ற ஆழமான நீர்நிலை வேண்டும். புகைக்குள் மலை முகட்டையும் மின்கம்பியையும் கவனித்தபடி இத்தனையையும் செய்ய வேண்டும் என்பதால்தான், புதிதாக உரிமம் பெற்றவரை யாரும் இதற்கு அனுப்புவதில்லை.

வெளிநாட்டில் தனியார் நிறுவனங்களுக்குப் போவது நீண்ட வழி. இங்கே 200 மணி நேரம் பறந்து வணிக விமானி உரிமம் பெற்றாலும், அந்தந்த நாட்டு உரிமமும் வேலை செய்யும் அனுமதியும் தனியே வேண்டும். ஆஸ்திரேலியாவில் விமானத்தில் பயிருக்கு மருந்து தெளிப்பவர்களே பெரும்பாலும் தீயணைப்புக்கும் வருகிறார்கள். அந்தத் தகுதியோடு, உரிமத்தில் தீயணைப்புக்கான மேலொப்புதலும் (கூடுதல் அனுமதி) பெற வேண்டும். ஒருவரே ஓட்டி 3,000 லிட்டர் சுமக்கும் ஏர் டிராக்டர் 802 என்ற விமானம்தான் அவர்களுடைய வழக்கமான வண்டி. கடன் வாங்கித்தான் படிக்க வேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும், கட்டணம் கட்டுவதற்கு முன்பே கண் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். நிறக்குருடு இருந்தால் படைகளில் விமானி ஆக இயலாது. அது இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளை ஒரு கண் மருத்துவரிடம் படித்துக் காட்டிவிட்டு வரும்படி அந்தப் பையனை அனுப்பியிருக்கிறேன்.