கார் வாங்கும் முன் இன்சூரன்ஸ் செலவையும் வண்டியின் நம்பகத்தையும் சேர்த்துப் பார்ப்பது எப்படி?

முதல் கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த கம்பெனி வண்டி நல்லது?" இதற்கு ஒரே பதிலாகச் சொல்லவே முடியாது. ஏனென்றால் வண்டி தானாகப் பழுதாகிறதா என்பது வேறு, இடித்தால் அல்லது திருடுபோனால் எவ்வளவு செலவாகும் என்பது வேறு. இரண்டாவதைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர்பாக்ஸ் தேய்ந்து நின்றுபோனால் சாதாரண கார் பாலிசியில் ஒன்றும் கிடைக்காது, அது முழுக்க உங்கள் பாக்கெட். அதனால் பழுதே ஆகாத வண்டிக்குப் பிரீமியம் அதிகமாகவும், ஒர்க்‌ஷாப்பே கதி என்று கிடக்கும் வண்டிக்குக் குறைவாகவும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக விசாரித்துக் கடைசியில் கூட்டிப் பார்க்க வேண்டும்.

படி 1: வண்டியின் முழு விவரத்தையும் எழுதுங்கள்

பிராண்ட் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். மாடல், தயாரித்த வருடம், எஞ்சின், கியர்பாக்ஸ், எந்த வேரியன்ட் என்று ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், 2010-களில் வந்த ஃபோர்டு ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பவர்ஷிஃப்ட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தவை குலுங்கின, தயங்கின, கிளட்ச் போயிற்று. ஆஸ்திரேலியாவில் அந்தப் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018-ல் நீதிமன்றம் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதே காரை மேனுவல் கியரில் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. "ஃபோர்டு மோசம்" என்று சொன்னாலும் தப்பு, "ஃபோகஸ் நல்ல வண்டி" என்று சொன்னாலும் பாதிதான் சரி.

படி 2: நம்பக அறிக்கைகள் எதை எண்ணுகின்றன என்று பாருங்கள்

பட்டியலில் யார் முதலிடம் என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனமான ஜே.டி. பவர் நடத்தும் ஆய்வு, மூன்று வருடம் ஓடிய கார்களில் 100 வண்டிக்கு எத்தனை பிரச்சினை என்று எண்ணுகிறது. எண் குறைந்தால் நல்லது. ஆனால் போன் ப்ளூடூத்தில் சேர மறுப்பதும் அதில் ஒரு பிரச்சினைதான், எஞ்சின் மக்கர் செய்வதும் ஒரு பிரச்சினைதான். சமீப வருடங்களில் அதிகப் புகார் வருவதே திரை, போன் இணைப்பு சமாச்சாரங்களில்தான். அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் எஞ்சின், கியர்பாக்ஸ் மாதிரியான பெரிய பழுதுகளுக்கு அதிக எடை கொடுக்கிறது, அதனால் செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு அதுதான் அதிகம் உதவும் என்பது என் கருத்து. ஜெர்மனியில் வாகனச் சோதனை செய்யும் டியூவ் (TÜV) அமைப்பின் அறிக்கை இன்னொரு ரகம்: கட்டாயத் தகுதிச் சோதனைக்கு வரும் கார்களில் பிரேக், சஸ்பென்ஷன், விளக்கு போன்றவற்றில் கண்டுபிடித்த குறைகளின் கணக்கு அது. உரிமையாளர் சொல்வதை வைத்து அல்ல, சோதனை செய்பவர் கண்ணால் பார்த்ததை வைத்து.

டொயோட்டாவும் லெக்ஸஸும் பல வருடங்களாக கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பட்டியலில் மேலேயே இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. மற்ற பிராண்டுகளில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மாடல் புதிய எஞ்சினோடு வந்த முதல் வருடத்தை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

படி 3: ரீகால் இருக்கிறதா என்று தேடுங்கள்

ரீகால் என்றால், குறை இருக்கும் வண்டிகளை இலவசமாகச் சரிசெய்து கொடுக்கத் தயாரிப்பாளர் திரும்ப அழைப்பது. இதைத் தேடுவது ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. காரின் அடையாள எண்ணான 17 இலக்க வின் (VIN) எண், முன் கண்ணாடியின் கீழ் ஓரத்திலோ கதவுச் சட்டத்திலோ இருக்கும். பல நாடுகளில் தயாரிப்பாளரின் தளத்திலோ அரசுத் தளத்திலோ அதைப் போட்டால் சரிசெய்யப்படாத ரீகால் தெரிந்துவிடும். தகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறிய விவகாரத்தில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன; அதில் ஹோண்டா, டொயோட்டா, பி.எம்.டபிள்யூ எல்லாமே உண்டு. நல்ல பெயர் உள்ள பிராண்ட் என்று இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள், இது உயிர் சம்பந்தப்பட்டது.

படி 4: முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பிரீமியம் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் காரை முடிவு செய்துவிட்டு அப்புறம்தான் இன்சூரன்ஸ் கேட்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். மூன்று மாடல்களைத் தேர்ந்தெடுத்து மூன்றுக்கும் பிரீமியம் வாங்குங்கள், வித்தியாசத்தைப் பார்த்தால் சில சமயம் முடிவே மாறிவிடும்.

பிரீமியம் ஏன் மாறுகிறது? உங்கள் வயது, ஓட்டுநர் அனுபவம், பழைய கிளைம்கள், வண்டி நிற்கும் இடம் என்று உங்கள் பக்கக் காரணங்கள் உண்டு, அவை எந்தக் காருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டியின் பக்கம் பார்த்தால், முதலில் பழுதுபார்க்கும் செலவு. பழைய காரின் பின் பம்பர் என்பது ஒரு பிளாஸ்டிக் துண்டும் கொஞ்சம் பெயின்டும். இன்றைய காரில் அதில் நான்கு பார்க்கிங் சென்சார், உள்ளே ரேடார், ஒயரிங். பார்க்கிங்கில் ஒரு தூணில் மெதுவாக உரசினாலும் சென்சாரை மாற்றி, கணினியோடு இணைத்து மறுபடி அளவு சரிபார்க்க வேண்டியிருக்கும். முன் கண்ணாடியில் கேமரா இருந்தால் கண்ணாடி மாற்றும்போதும் இதே கதை. ஒரே மாடலில் மேல் வேரியன்டுக்குப் பிரீமியம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது திருட்டு. டொயோட்டா ப்ரியஸ் நம்பகத்துக்குப் பெயர் போன கார், ஆனால் அதன் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் திருடர்கள் அதை அறுத்துக்கொண்டு போனார்கள். அமெரிக்காவில் விற்ற பல ஹூண்டாய், கியா மாடல்களில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத கருவி, இல்லை. திருடும் முறை 2022 வாக்கில் சமூக ஊடகங்களில் பரவ, 2023-ல் சில ஊர்களில் சில பெரிய கம்பெனிகள் அந்த மாடல்களுக்குப் புதிய பாலிசியே தர மறுத்தன. இம்மொபிலைசர் கட்டாயமாக இருந்த கனடாவில் அதே பிராண்டுகளுக்கு அந்த நிலை வரவில்லை. எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, கவனியுங்கள்.

பிரிட்டனில் பல வருடங்களாக ஒவ்வொரு காரையும் 1 முதல் 50 வரை இன்சூரன்ஸ் குழுவாகப் பிரித்தார்கள், எண் கூடினால் பிரீமியம் கூடும்; அதற்குப் பதிலாக 2024-ல் வேறு மதிப்பீட்டு முறை அறிமுகமானது. உங்கள் ஊரில் அப்படி எதுவும் இல்லையென்றால் நேரடியாகக் கேட்பதுதான் வழி.

படி 5: ஒரே அளவுகோலில் ஒப்பிடுங்கள்

ஒரு கம்பெனி விலையைக் குறைத்துச் சொன்னால் உடனே சந்தோஷப்படாதீர்கள். கிளைமின்போது உங்கள் கையிலிருந்து போட வேண்டிய தொகை எவ்வளவு, வண்டிக்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறார்கள், பாகங்களின் தேய்மானத்தைக் கழிப்பார்களா, இவை மூன்றும் எல்லா விலையிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பீடு. மதிப்பைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தை இறக்குவது அடிக்கடி நடக்கிறது. வண்டி திருடுபோன அன்றுதான் அது வலிக்கும்.

படி 6: மொத்தத்தைக் கூட்டுங்கள்

ஐந்து வருடத்துக்குப் போடுங்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: முதல் காருக்குப் பிரீமியம் 120, பராமரிப்பும் பழுதும் 50, விற்கும்போது விலையில் இழப்பது 140, ஆக 310. இரண்டாவது காருக்குப் பிரீமியம் 90தான், ஆனால் பழுது 110, விலை இழப்பு 190, ஆக 390. பிரீமியம் மட்டும் பார்த்திருந்தால் இரண்டாவதைத்தான் எடுத்திருப்பீர்கள். நல்ல நம்பகம் உள்ள வண்டிக்குப் பழையதாக விற்கும்போதும் விலை நிற்கும், அதனால் இந்த விலை இழப்பைக் கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் திரும்பப் போடுங்கள். வண்டியின் மதிப்பு குறைந்துகொண்டே வரும், பிரீமியம் அதே வேகத்தில் குறையாது. ஒரு கட்டத்தில், முழுக் காப்பீட்டுக்குக் கூடுதலாகக் கட்டும் தொகையையும் வண்டி முழுதாகப் போனால் கிடைக்கக்கூடிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வண்டி போனாலும் சமாளிக்கக் கையில் பணம் இருந்தால் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீட்டோடு (உங்கள் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் இழப்புக்கு மட்டும்) நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் பழைய வண்டியானாலும் முழுக் காப்பீட்டைத் தொடருங்கள்.