பாப்கார்ன் பக்கெட்டை வாங்கி விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 மார்ச்சில் ‘டூன்: பாகம் 2’ என்ற ஹாலிவுட் படம் வெளியானதையொட்டி, அதில் வரும் மணற்புழுவின் வாயைப் போன்ற மூடி பொருத்திய பாப்கார்ன் பக்கெட்டை அமெரிக்காவின் ஏஎம்சி திரையரங்குகள் ஏறத்தாழ 25 டாலருக்கு விற்றன. அது கிடைக்காதவர்கள் ஈபே இணையச் சந்தையில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினார்கள். அதைப் பார்த்து, பெரிய படங்களின் நினைவுப்பொருள்களை வாங்கி விற்க முனைவோரில் பலர் கையைச் சுட்டுக்கொள்வது பெரும்பாலும் கணக்கில்தான்.

ஈபேயில் ஒருவர் 200 டாலர் கேட்கிறார் என்பதற்காக அந்தப் பொருளின் விலை 200 டாலர் ஆகிவிடாது. கேட்பதற்குக் காசா பணமா? ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தேர்ந்தெடுத்து, அண்மையில் உண்மையாகவே கைமாறிய தொகை என்னவென்று பார்த்த பிறகே வாங்குவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்த தவறு, செலவுகளை முழுமையாகக் கழிக்காமல் விடுவது. வரி உட்பட 27 டாலருக்கு வாங்கிய பக்கெட்டை, அனுப்பும் செலவைத் தாமே ஏற்று 60 டாலருக்கு விற்பதாகக் கொள்வோம். ஈபேயின் கட்டணம் பெரும்பாலான பிரிவுகளில் 13 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. வாங்குபவர் செலுத்தும் விற்பனை வரியையும் சேர்த்த மொத்தத்தின் மீது அது கணக்கிடப்படுவதால் எட்டரை டாலர் வரை போய்விடும். கூரியருக்கு 15, அட்டைப்பெட்டிக்கும் உறைக்கும் 2 என்று கழித்தால், மிஞ்சுவது ஏறத்தாழ ஏழரை டாலர்தான். கூரியரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபெடெக்ஸ் போன்ற நிறுவனங்கள் பெட்டியின் நீள, அகல, உயரத்தை அங்குலத்தில் பெருக்கி 139-ஆல் வகுத்து, விடையை மேல்நோக்கி முழுப் பவுண்டாக்கி, அது உண்மையான எடையை மிஞ்சினால் அதற்கே பணம் வாங்கும். மூன்று பக்கமும் 12 அங்குலமுள்ள பெட்டி, உள்ளே பாதி காற்றாக இருந்தாலும், 13 பவுண்டாகிவிடும்.

‘லிமிடெட் எடிஷன்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புவதும் தவறு. மாண்டோ நிறுவனம் ஸ்கிரீன் பிரிண்ட் முறையில் அச்சிட்ட திரைப்படச் சுவரொட்டிகளில் எத்தனை பிரதிகள், இது எத்தனையாவது என்று எண் இடப்பட்டிருக்கும். திரையரங்கு பக்கெட்டுகளில் பொதுவாக அப்படி எதுவும் இருக்காது, எனவே மறுபடி தயாரித்துக் குவிக்கத் தடையும் இல்லை. திரைப்பட, காமிக்ஸ் பாத்திரங்களைப் பொம்மைகளாக்கும் ஃபங்கோ நிறுவனத்தின் பொம்மைகளில், சான் டியேகோ காமிக்-கான் விழாவின் ஸ்டிக்கர் உள்ள பெட்டிக்கும், கடைகளுக்குப் பொதுவாக அனுப்பப்படும் கோடைக்கால ஸ்டிக்கர் உள்ள பெட்டிக்கும், உள்ளே இருப்பது ஒரே பொம்மை என்றாலும், விலை வேறு. அதே ஃபங்கோ, விற்காமல் தேங்கிய 3 கோடி டாலருக்கும் மேற்பட்ட சரக்கை அழிக்கப்போவதாக 2023-இல் அறிவித்ததையும் மறந்துவிடக் கூடாது.

கையில் வராத பொருளை முன்கூட்டியே விற்றுவிடுவது இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. திரையரங்கு ஆர்டரை ரத்து செய்தால், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தந்தபின்னும் விற்பனையாளர் கணக்கில் கரும்புள்ளி நிற்கும்.