எழுவாய் இல்லாத வாக்கியமெல்லாம் சதி அல்ல

‘துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் பலி’ என்று ஒரு தலைப்பு. சுட்டது யார் என்று அதில் இல்லை. மொழி, அதிகாரம், கருத்தியல் என்று படிக்கத் தொடங்கியவர் கண்ணில் முதலில் படுவது இதுதான். உடனே ‘எழுதியவர் உண்மையை மறைக்கிறார்’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். நான் அதிகம் பார்த்த தவறு இது.

தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது வெகு இயல்பு. செய்தவரை மறைக்கும் வாக்கியங்களைக் கண்டுபிடிக்க ஆங்கில உரைகளை வைத்து உருவான சோதனைப் பட்டியலை அப்படியே தமிழ்மேல் போட்டால் எல்லா வாக்கியமும் குற்றவாளியாகத்தான் தெரியும். நாம் பார்க்க வேண்டிய இடம் தன்வினையும் பிறவினையும். ‘குடிசைகள் இடிந்தன’, ‘குடிசைகளை இடித்தார்கள்’. ‘விலை உயர்ந்தது’, ‘விலையை உயர்த்தினார்கள்’. மெல்லினம் வல்லினமாகும் அந்த ஓர் எழுத்தில் செய்தவர் உள்ளே வந்துவிடுகிறார்.

சரி, அப்படி ஒன்று கிடைத்தால் போதுமா? போதாது. அதே நிகழ்வைச் சொல்லும் இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1975-ல் ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சாலிஸ்பரியில் (இன்றைய ஹராரே) கறுப்பின மக்களைப் போலீஸ் சுட்டது. பிரிட்டனின் ‘கார்டியன்’ தலைப்பு போலீஸில் தொடங்கியது. ‘டைம்ஸ்’ தலைப்போ ‘கலவரம் செய்யும் கறுப்பர்கள்’ என்று தொடங்கி, போலீஸைப் பின்னால் தள்ளியது. இதை ஆராய்ந்து 1979-ல் எழுதிய ஆய்வாளர் டோனி ட்ரூ தலைப்போடு நிற்கவில்லை. அடுத்த செய்தி, தலையங்கம் என்று தொடர்ந்து போய், பொறுப்பு எப்படி நகர்ந்தது என்று காட்டினார்.

அப்புறம் இன்னொரு தவறு, தாளில் இருப்பதை மட்டும் படிப்பது. பிரிட்டிஷ் மொழியியலாளர் நார்மன் ஃபேர்க்ளோ 1989-லேயே மூன்று அடுக்குகளைச் சொன்னார்: உரை, அது உருவாகி வாசிக்கப்படும் விதம், சமூகச் சூழல். பலரும் நடு அடுக்கைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நிருபர் கையில் போலீஸ் அறிக்கை மட்டுமே இருந்திருந்தால், அந்த வாக்கியம் அவருடையதே அல்ல. கேள்வியும் நிருபரை விட்டு, அறிக்கை எழுதியவர் பக்கம் திரும்பிவிடும்.

சொல் மாறியதும் நிலைமை மாறிவிட்டதாக நம்புவதும் தவறுதான். ‘ஊனமுற்றோர்’ ‘மாற்றுத்திறனாளி’ ஆனது மதிப்புள்ள மாற்றம். ஆனால் கட்டடத்துக்குள் நுழையச் சாய்தளம் இருக்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, கருத்தியல் எதிர்த்தரப்பிடம் மட்டுமே இருப்பதாக நினைப்பது. நீங்கள் மனதார ஆதரிக்கும் இயக்கத்தின் துண்டறிக்கை ஒன்றை எடுங்கள். அதில் எங்கே ‘நாங்கள்’ வருகிறது, எங்கே ‘நாம்’ வருகிறது என்று கோடிடுங்கள். ஒவ்வொரு ‘நாம்’-க்குள்ளும் யார் யாரைக் கேட்காமலே சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள்.