வட்டம் போட்டு ஏமாறாதீர்கள்: அன்றாடத் தேவைகளை வீட்டருகே திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பால் பூத், மளிகைக் கடை, அங்கன்வாடி, தொடக்கப் பள்ளி, பேருந்து நிறுத்தம் எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் மனைப்பிரிவு வரையப் புதிதாக வருகிறவர்கள், இத்துறையில் முன்பு எல்லோரும் செய்த தவறுகளையே அச்சுப் பிசகாமல் செய்கிறார்கள். அளவை மாற்றிப் போடுவது, திசைக்குறியை மறப்பது போன்றவற்றை மேலதிகாரி திருத்திவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்புபவை மட்டும் இங்கே.

வட்டத்தால் தூரம் அளப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். பள்ளியின் மேல் 400 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம். உள்ளே விழுந்த வீடெல்லாம் ‘ஐந்து நிமிட நடை’ என்று அறிக்கை.

கணக்கைப் பாருங்கள். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 50 ஹெக்டேர். தெருக்கள் கட்டம் கட்டமாக, நெருக்கமாக அமைந்த இடத்தில்கூட 400 மீட்டர் நடந்து எட்டக்கூடியது 32 ஹெக்டேர்தான், அதாவது 64 விழுக்காடு. முட்டுச் சந்தும் சுற்றுச்சுவரும் சேர்ந்தால் இன்னும் குறையும். கல்வி உரிமைச் சட்ட விதிகள் தொடக்கப் பள்ளிக்குச் சொல்லும் 1 கிலோமீட்டரும் நடைதூரமே.

நம் ஊர்களில் அடிக்கடி காண்பது: முதுகோடு முதுகாக இரண்டு மனைப்பிரிவுகள். வெவ்வேறு உரிமையாளர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் போட்டவை. ஒன்றின் 23 அடிச் சாலை எல்லையில் முட்டி நிற்கும், மறுபுறம் மதில். வரைபடத்தில் 150 மீட்டரில் தெரியும் அங்கன்வாடிக்குப் பிரதான சாலை சுற்றி ஒரு கிலோமீட்டர். வண்டி உள்ளவர்கள் குழந்தையைக் கொண்டுபோய் விடுவார்கள்; இல்லாத வீட்டுக் குழந்தை வீட்டிலேயே தங்கிவிடும். சென்னையில் பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை தண்டவாளமும் ஜிஎஸ்டி சாலையும் ஊரைப் பிளப்பதும் இப்படித்தான். எதிரே தெரியும் கடைக்குப் போக, கடக்கும் வழி எங்கே என்று தேட வேண்டும்.

திருத்தும் முறை: கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தெருக் கோடுகளை, மீட்டரில் அளக்கும் யுடிஎம் அளவுமுறைக்கு மாற்றுங்கள். சென்னை, திருச்சி, மதுரைக்கு மண்டலம் 44, கோவைக்கு 43. ஆட்டோகேடில் வரைந்த கோடுகளைச் சந்திப்புதோறும் வெட்டுங்கள். வெட்டாவிட்டால் அங்கே திரும்ப வழியிருப்பது மென்பொருளுக்குத் தெரியாது. பிறகு, தெருவழியே எட்டக்கூடிய பகுதியைக் காட்டும் ‘சர்வீஸ் ஏரியா’ கருவியை 400 மீட்டருக்குப் பள்ளியின் கேட்டிலிருந்து ஓட்டுங்கள், வளாகத்தின் நடுவிலிருந்து வேண்டாம். சதுரமான இரண்டு ஏக்கர் வளாகத்தில், பின்சுவரின் நடுவே நிற்பவர் முன்கேட்டுக்குச் சுற்றி வர ஏறக்குறைய 180 மீட்டர் ஆகும். வரும் கோடுகளை இருபுறமும் 30 மீட்டர் விரித்து ஒன்றாக இணைத்தால் பரப்பு கிடைக்கும்.

அதை ஹெக்டேரில் எடுத்து, வட்டத்தின் பரப்பான 50-ஆல் வகுங்கள். 0.6-க்குக் கீழே வந்தால், முட்டி நிற்கும் சாலை முனையிலிருந்து எல்லைவரை 3 மீட்டர் நடைவழி விடுங்கள். சாலைகளையும் திறந்தவெளியையும் உள்ளாட்சிக்கு எழுதித்தரும் தானப் பத்திரத்தில் அந்த நடைவழியும் இருக்க வேண்டும். மனைகள் விற்றபின் நினைவு வந்து பயனில்லை. அந்த 3 மீட்டரில் யாரோ ஒருவர் வீட்டின் பக்கச்சுவர் எழும்பியிருக்கும்.

எல்லோருக்கும் ஒரே வேகம்

நிமிடத்துக்கு 80 மீட்டர் திடகாத்திரமானவரின் நடை. முதியவருக்கும் சிறு பிள்ளைக்கும் 50 முதல் 60 வரை வையுங்கள். சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அதே அளவு தூரத்தைக் கழியுங்கள்.

மிச்ச மூலையைப் பொது இடமாக்குவது

3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதியில் 10 விழுக்காடு திறந்தவெளி விட வேண்டும். அது பெரும்பாலும் விலைபோகாத பள்ளத்துக்கோ உயரழுத்த மின்கம்பிப் பக்கமோ தள்ளப்படுகிறது. முதலில் அதை நடுவில் குறித்துவிட்டு, அதன்பின் மனைகளைப் பிரியுங்கள். அது பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்குமான இடம். அங்கன்வாடிக்குத் தனி மனை ஒதுக்குங்கள்.

நுழைவாயிலில் மட்டும் கடைகள்

உள்தெருக்கள் கூடும் மூலைகளில் இரண்டு மனையாவது கடைக்கு விடுங்கள்.

நடைபாதை

1.8 மீட்டர், தடையின்றி. மின்மாற்றிக்கு வேறு இடம்.

நிழல்

மரக்குழிகளைச் சாலை வரைபடத்திலேயே குறியுங்கள். மின்கம்பமும் வடிகாலும் வந்தபின் வேம்புக்கு இடம் கிடைக்காது.