குழாய் வழி உணவு பெறும் குழந்தையை வீட்டில் வளர்த்தல்

விழுங்க இயலாத குழந்தைக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் இட்ட துளை வழியாகவோ உணவுக்குழாய் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும்போது, செய்முறையைத் தாய்க்கு மட்டும் கற்றுத் தருவதே பெரும்பாலும் நடக்கிறது. தாய் பனியன் கம்பெனிக்கோ காட்டு வேலைக்கோ போனபின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் அப்பத்தாவோ அம்மாயியோ என்பதால், அவரையும் உடன் அழைத்துச் சென்று, செவிலியர் முன்னிலையில் ஒரு வேளை உணவையேனும் தம் கையால் கொடுக்கச் செய்யுங்கள்.

மூக்குக்குழாய் என்றால், ஒவ்வொரு வேளைக்கும் முன்பு அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இருமலிலோ வாந்தியிலோ குழாய் நகர்ந்திருந்தால் பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். குழாயில் மூக்கோரம் இட்ட அடையாளம் இடம் மாறாதிருப்பதைப் பார்த்தபின், சிரிஞ்சால் சிறிது இரைப்பை நீரை உறிஞ்சி, அமிலத்தன்மையை நிறமாற்றத்தால் காட்டும் பிஎச் தாளில் விடுங்கள், 5.5 அல்லது அதற்குக் குறைவாகக் காட்டினால் உணவு கொடுக்கலாம், இல்லையெனில் கொடுக்காமல் மருத்துவமனையைக் கேளுங்கள். காற்றைச் செலுத்தி வயிற்றில் ஓசை கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம்.

குழந்தையின் தலையையும் மார்பையும் 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு உணவை ஊற்றினால் அது தானாக இறங்கும். வேகம் கூடினால் சிரிஞ்சைச் சற்றுத் தாழ்த்தினால் போதும். சீக்கிரம் முடிக்கும் எண்ணத்தில் தண்டால் அழுத்துவதுதான் பல வீடுகளில் வாந்திக்குக் காரணம். கொடுத்து முடித்தபின் அரைமணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். உணவுக்கு முன்னும் பின்னும், ஒவ்வொரு மருந்துக்குப் பின்னும், கொதித்து ஆறிய நீரை மருத்துவர் சொன்ன அளவில் செலுத்துங்கள்.

அரிசிம்பருப்புச் சோற்றையும் ராகிக் கஞ்சியையும் அரைத்துக் கொடுக்கலாமா என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டே தொடங்க வேண்டும். ஆற ஆற இறுகும் ராகி குழாயை எளிதில் அடைத்துவிடும். அதற்கு அஞ்சி நீரைக் கூட்டினால், வயிறு நிறைந்தும் எடை ஏறாது. அடைப்பு ஏற்பட்டால் வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சால் மெல்லத் தள்ளியும் இழுத்தும் பாருங்கள். கம்பியோ ஊக்கோ நுழைப்பது ஆபத்து.

வயிற்றுத் துளையைச் சுற்றிச் சோப்பு நீரால் துடைத்து உலர்த்தினால் போதும். ஈரோட்டு மஞ்சளின் பெருமை எவ்வளவாயினும் அங்கே பூச வேண்டாம்: பொடி ஒட்டிக்கொள்வதோடு, அதன் நிறம் சீழையும் சிவப்பையும் மறைத்துவிடும். வாய்வழி உண்ணாத குழந்தைக்கும் பல் துலக்க வேண்டும்; வீட்டார் உண்ணும் நேரத்தில் அதையும் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள்.

வயிற்றுக்குழாய் கழன்றுவிட்டால் சில மணி நேரத்திலேயே துளை சுருங்கத் தொடங்கும். துளை இட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால் நீங்களாகத் திரும்பச் செருகாமல், சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயுடன் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். திம்பம் மலைப்பாதையில் இறங்கி வரவேண்டிய தாளவாடிப் பகுதியினர், துளை ஆறியபின் மாற்றுக்குழாய் செருகும் பயிற்சியை முன்கூட்டியே கேட்டுப் பெற்று, ஒரு குழாயை எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.