கிளட்சில் ஏர் எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் ஒரு காரின் கிளட்சில் ஏர் எடுத்துக்கொண்டிருந்தான், அதாவது கிளட்ச் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தான். பெடலில் ஒரு பையன், வண்டிக்கு அடியில் இவன். "மிதி... பிடி... விடு." அரை மணி நேரத்தில் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் காலையில் பார்த்தால் பெடல் தரையில் கிடக்கிறது. மறுபடியும் எடுத்தான். மறுபடியும் இறங்கியது. மூன்றாவது தடவை ஸ்பேனரைத் தூக்கியபோதுதான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். திட்ட வாய் வரவில்லை. இதே கூத்தை நானும் ஆடியவன்தான்.

காற்றை வெளியே விடும் நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விடக் கூடாது, ஆயில் டப்பாவைக் காலியாக விடக் கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே யாராவது சொல்லிவிடுவார்கள். நான் அதற்குள் போகவில்லை.

ஏர் எப்படிப் புகுந்தது என்று கேட்காமல் எடுப்பது

பெடல் பக்கம் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் ஒரு பைப். மிதித்தால் மாஸ்டர் ஆயிலைத் தள்ளும், அந்த அழுத்தத்தில் ஸ்லேவ் கிளட்ச் பிளேட்டை விலக்கும். அவ்வளவுதான் ஹைட்ராலிக் கிளட்ச். இதிலும் ஓடுவது பிரேக் ஆயில்தான். பிரேக் ஆயில் அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். அதனால்தான் ஏர் புகுந்த வண்டியில் பெடல் முழுக்கப் போனாலும் பிளேட் விலகாமல் ரிவர்ஸ் கியர் கரகரவென்று கத்துகிறது. சரி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, பைப்பை யாரும் கழற்றவும் இல்லை. காற்று எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆயில் கசிந்த இடத்தில்தான் பதில் இருக்கும்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் தன் டீசல் காரைக் கொண்டுவந்தார். ஸ்லேவ் வெளியே இல்லை, கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும் வகை. ஏர் எடுத்துக் கொடுத்தேன். பத்து நாளில் போன்: "தம்பி, மறுபடியும் இறங்கிடுச்சுங்க." மறுபடி எடுத்தேன், ஆயில் காசு மட்டும் வாங்கிக்கொண்டேன். அப்போது இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் ஆயில் சீல் போலிருக்கிறது என்று வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டேன். அந்தத் துணி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அடுத்த வாரம் அவர் மலை ஏறும்போது, பதினான்காவது கொண்டை ஊசி வளைவில், இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை. கயிறு கட்டி அடிவாரம் வரை இறக்கினோம். கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்தால் ஸ்லேவ் சீல் வழியாகக் கசிந்த ஆயிலில் கிளட்ச் பிளேட் ஊறிக் கிடக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட், ஸ்லேவ் மூன்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஸ்லேவ் ஒன்றோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. கூலியை நான் வாங்கவில்லை, வாங்க முகமும் இல்லை.

அந்தச் சொட்டை ஈரத் துணியால் தொட்டிருந்தாலே போதும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து கழுவிக்கொண்டு போகும், இன்ஜின் ஆயில் முத்து முத்தாக நிற்கும். ஸ்லேவ் வெளியே இருக்கும் வண்டியில் அதன் ரப்பர் உறையை விரலால் ஒதுக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. அப்புறம், மாஸ்டர் கசிந்தால் ஆயில் வெளியே சொட்டாது, பெடல் கம்பி வழியாக உள்ளே இறங்கும்.

எங்கேயும் கசிவே இல்லையா? இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியர் போட்டு, பெடலை மிதித்தபடி வைத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக ஊர ஆரம்பித்தால் மாஸ்டருக்குள் ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வாஷர்மீது சந்தேகப்படுங்கள். அதற்கு நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பலன் இல்லை. "ஏர் மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்" என்று வண்டிக்காரர் சொல்வார். அவர் சொல்லலாம், நாம் தலையாட்டக் கூடாது.

டப்பாவில் பாதி இருக்கிறதே என்று நம்புவது

பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்சுக்குப் போகும் குழாய் வாயை அதில் சற்று மேலே வைத்திருப்பார்கள், கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் பிரேக்குக்கு ஆயில் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. ஆகவே பாதி டப்பா என்றால் பிரேக்குக்குத்தான் பாதி. கிளட்சுக்கு அது காலியாக இருக்கலாம். ஏற்காடு ரோட்டில் மேடு ஏறும்போது வண்டியோடு ஆயிலும் சாய்ந்துகொள்ளும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

கியர் பாக்ஸைக் கழற்றிக் கீழே வைத்திருக்கும்போது பெடலை மிதிப்பது

ஸ்லேவ் பிஸ்டன் வெளியே வந்துவிடும். மிதிக்காதீர்கள்.

நிப்பிள் கீழே பார்க்க ஸ்லேவைப் பூட்டுவது

காற்று மேலேதான் நிற்கும், கீழே இருக்கும் நிப்பிள் வழியாக வெளியே வராது.

படபடவென்று மிதிப்பது

ஆயில் நுரைக்கும், பெரிய குமிழி ஆயிரம் சின்னக் குமிழியாகும். மெதுவாக மிதியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சிரிஞ்சில் புது ஆயில் எடுத்து ஸ்லேவ் நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள், காற்று போக விரும்பும் திசையே அதுதான். டப்பா வழிந்து பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

பெடல் மேலே வரவில்லை என்று பயப்படுவது

ஏர் எடுக்கும்போது பெடல் கீழேயே நின்றால் கையால் தூக்குங்கள்.

என்றோ திறந்த பாட்டிலை ஊற்றுவது

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் குடித்த ஆயிலுக்கு அந்தக் கணக்கு 155 தான். கிளட்சுக்கு அவ்வளவு சூடு ஏறாதுதான். ஆனால் டப்பா ஒன்று என்றால் அதே ஆயில்தான் பிரேக்குக்கும் போகிறது, ஏற்காட்டு இறக்கத்தில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

நம்ம தம்பிக்கு வருகிறேன். டிரைவர் பக்கம் கால்மிதியைத் தூக்கச் சொன்னேன். பெடலுக்குக் கீழே கார்ப்பெட் நனைந்திருந்தது. அதையும் ஒதுக்கினால் தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் வெந்து உரிந்து கிடந்தது. விரலைத் தேய்த்துப் பார்த்து, "வழுவழுன்னு இருக்குதுண்ணா" என்றான். புது மாஸ்டர் போட்டு, ஏர் ஒரே ஒரு தடவை எடுத்தான்.